காத்திருப்பு அறையில் சமத்தாக இருந்த பிள்ளை

ஆட்டிசம் இருக்கிறதா என்று மதிப்பிட்டுச் சொல்லும் மையம் ஒன்றின் சேவையை எங்கள் குடும்பம் 7 ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை பெற்றிருக்கிறது. முதல் முறை என் அக்காவின் மகனுக்காகப் போனோம். அப்போது அவனுக்கு 4 வயது, பேச்சு வரவில்லை. இரண்டாம் முறை என் மகளுக்காகப் போனோம். அவளுக்கு 11 வயது, நன்றாகப் படிக்கிறவள், பிடித்த விஷயத்தைப் பேசத் தொடங்கினால் நிறுத்தாதவள். இருவரும் ஒரே வயதினர். முதல் முறை போனபோது என் மகளும் எங்களோடு வந்திருந்தாள். அக்கா மகன் உள்ளே இருந்த இரண்டு மணி நேரமும் அவள் காத்திருப்பு அறையின் மூலையில் உட்கார்ந்து, அங்கே பெட்டியில் கிடந்த வண்ணக் குச்சிகளை வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறம் வரை வரிசையாக அடுக்குவதும் கலைப்பதும் மறுபடி அடுக்குவதுமாக இருந்தாள். வரவேற்பில் இருந்த பெண் "எவ்வளவு சமத்துப் பிள்ளை" என்று சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மையத்தின் பெயரை நான் எழுதவில்லை. நிறைகளோடு குறைகளையும் சொல்லப் போகிறேன். அதைவிட, இப்படி ஒரு சேவையைத் தேடிப் போகிறவர்கள் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

காத்திருப்பிலிருந்து தொடங்க வேண்டும். அக்கா மகனுக்கு ஆறு வாரத்தில் நாள் கிடைத்தது. என் மகளுக்குப் பத்து மாதம் ஆனது. இதற்கு மையத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. பிரிட்டனில் 1998-க்கும் 2018-க்கும் இடையில் புதிதாகப் பதிவான ஆட்டிசக் கண்டறிதல்கள் 787 விழுக்காடு கூடியதாகவும், அந்தக் கூடுதல் பெண்களிடமும் பெரியவர்களிடமும் மிகுதியாக இருந்ததாகவும் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. எங்கள் மையத்தின் காத்திருப்பு அறையே அதைச் சொன்னது. முதல் முறை அங்கே இருந்தவர்கள் எல்லாரும் சிறுவர்களும் அவர்களுடைய தாய்மார்களும். இரண்டாம் முறை ஒரு கல்லூரி மாணவி இருந்தார், நாற்பதைக் கடந்த ஒருவர் கையில் கோப்போடு தனியாக வந்திருந்தார், என் மகள் வயதுச் சிறுமிகள் மூன்று பேர் இருந்தார்கள். எனக்குக் குறையாகப் பட்டது அந்தப் பத்து மாதமும் மையம் எங்களை விட்டுவைத்த விதம்தான். உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது என்ற ஒரே குறுஞ்செய்தி மாதந்தோறும் வந்தது. காத்திருக்கும் காலத்தில் பள்ளியிடம் என்ன சொல்லலாம், வீட்டில் எதை மாற்றிப் பார்க்கலாம் என்று இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை அனுப்பியிருந்தால்கூட, அந்த ஆண்டின் இரண்டாம் பருவம் முழுவதும் என் மகள் பள்ளிக்குப் போகாமல் இருந்திருக்க மாட்டாள் என்று இன்றும் நம்புகிறேன்.

கட்டடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் முறை போனபோது காத்திருப்பு அறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, குழல்விளக்கு ஒன்று ரீங்கரித்துக்கொண்டே இருந்தது. ஒலியும் ஒளியும் தாங்காத குழந்தைகள் வரும் இடத்தில் இப்படி வைத்திருந்தது பெரிய தவறு. அக்கா மகன் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான். அக்கா எழுதிக் கொடுத்த புகாரின் பயனோ வேறு யாரேனும் சொன்னதோ, ஏழு ஆண்டு கழித்துப் போனபோது தொலைக்காட்சியும் இல்லை, விளக்கும் மாறியிருந்தது. ஆனால் கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம் அப்படியே இருக்கிறது. அதன் இரைச்சலைக் கேட்ட குழந்தைகளை அதன் பிறகு அந்தக் கழிப்பறைக்குள் அழைத்துப் போவதே பெரும்பாடு. காகிதத் துண்டு வைத்தால் போதும்.

இனி மதிப்பீடு. இந்த மையத்தை நான் பிறருக்குச் சொல்வதற்கு முதற்காரணம் இதுதான். ஆட்டிசத்தை இரத்தப் பரிசோதனையாலோ மூளையைப் படம் பிடித்தோ கண்டறிய முடியாது. பயிற்சி பெற்ற ஒருவர் கவனித்துப் பார்த்தும், கேட்டும், வளர்ந்த கதையைத் தெரிந்துகொண்டும்தான் முடிவுக்கு வர வேண்டும். ஆகவே அந்த ஒருவர் எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்பதில்தான் சேவையின் தரம் இருக்கிறது. இதற்கு முன் நாங்கள் போன ஓரிடத்தில் இருபது நிமிடத்தில் "கூச்ச சுபாவம், வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். இந்த மையத்தில் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் என்னிடமும் கணவரிடமும் கருவுற்ற காலம் முதல் இன்று வரை கேட்டார்கள். பள்ளி ஆசிரியருக்குத் தனியே கேள்வித்தாள் அனுப்பினார்கள். மறுநாள் அடோஸ்-2 என்னும் நேரடித் தேர்வு. அதில் பேச்சுத் திறனுக்கும் வயதுக்கும் ஏற்ற ஐந்து பிரிவுகள் இருப்பதால் இரண்டு குழந்தைகளுக்கும் நடந்தது முற்றிலும் வேறு வேறாக இருந்தது. அக்கா மகனுக்குச் சோப்புக் குமிழி ஊதினார்கள், பலூனை ஊதிப் பறக்கவிட்டார்கள், அவன் அந்த மகிழ்ச்சியை அடுத்தவரிடம் பகிர்ந்துகொள்ளத் திரும்பிப் பார்க்கிறானா என்று கவனித்தார்கள். என் மகளிடம் சொற்களே இல்லாத படக்கதையைக் கொடுத்துக் கதை சொல்லச் சொன்னார்கள், தோழிகளைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் கேட்டார்கள்.

என் மகள் கதையை மிக அழகாகச் சொன்னாளாம். கண்ணைப் பார்த்தாளாம். மதிப்பெண் எல்லைக்கோட்டிலேயே நின்றது. பல இடங்களில் அத்தோடு முடித்திருப்பார்கள். அங்கிருந்த உளவியலாளர் என்னை உள்ளே அழைத்து, "பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் முதல் ஒரு மணி நேரம் என்ன செய்வாள்?" என்று கேட்டார். துணி அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் உட்காருவாள் என்று சொன்னேன். அதை நான் விளையாட்டு என்று நினைத்திருந்தேன். பிறகு அவர் என் மகளிடமே, கண்ணைப் பார்க்கும்போது எதைப் பார்க்கிறாய் என்று கேட்டிருக்கிறார். இரண்டு புருவத்துக்கும் நடுவே பார்க்கிறேன், அப்படிப் பார்த்தால் யாரும் எதுவும் சொல்வதில்லை, மூன்றாம் வகுப்பில் கண்டுபிடித்தேன் என்று அவள் பதில் சொல்லியிருக்கிறாள். எட்டு வயதில் ஒரு குழந்தை தானாகவே இப்படி ஓர் உபாயத்தைக் கண்டுபிடித்து, மூன்று ஆண்டு யாரிடமும் சொல்லாமல் கையாண்டு வந்திருக்கிறாள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. "எந்தத் தொந்தரவும் இல்லாத பிள்ளை" என்றுதான் பள்ளியின் கேள்வித்தாளில் எழுதியிருந்தார்கள்.

இந்தச் சேவையின் இன்னொரு சிறப்பு, மாதம் ஒரு முறை நடக்கும் பெற்றோர் அமர்வு. ஆட்டிசக் கண்டறிதல் ஏன் இப்படிக் கூடுகிறது என்பது பற்றி வெளியே எத்தனை விதமாகப் பேசுகிறார்களோ அத்தனையும் அந்த அறைக்குள் வந்துவிடும். நாங்கள் போன அன்று ஒரு தந்தை தடுப்பூசியைச் சொன்னார். ஒரு பாட்டி கைப்பேசியைச் சொன்னார். ஆசிரியை ஒருவர், இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள், எங்கள் காலத்தில் இவர்களெல்லாம் வெறும் வாலுப் பிள்ளைகள் அல்லது அமைதியான பிள்ளைகள் என்றார். அமர்வை நடத்திய குழந்தைநல மருத்துவர் யாரையும் இடைமறிக்கவில்லை. எல்லாரும் பேசி முடித்த பிறகு பலகையில் ஆண்டுகளை எழுதத் தொடங்கினார்.

1943-ல் அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளை வைத்து எழுதியபோது ஆட்டிசம் அரிதினும் அரிதான ஒன்று. 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கண்டறிதல் கையேடு அதைத் தனி வகையாகச் சேர்த்தது. 1987-ல் வரையறை விரிந்தது. 1994-ல், பேச்சுத் தாமதம் இல்லாதவர்களுக்கான ஆஸ்பெர்கர் நிலை சேர்ந்தது. 2013-ல் எல்லாவற்றையும் ஆட்டிச நிறமாலை என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்தார்கள். அந்த 2013 வரை, கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டு நிலையையும் ஆட்டிசத்தையும் ஒரே குழந்தைக்குச் சேர்த்து எழுதக் கையேடு இடம் கொடுக்கவில்லை. இரண்டும் உள்ள பிள்ளைகளுக்கு ஒன்றுதான் எழுதப்பட்டது. இதைக் கேட்டபோது அறையில் பல தலைகள் நிமிர்ந்தன, ஏனென்றால் அங்கே இருந்த பாதிப் பேரின் பிள்ளைகளுக்கு இரண்டும் இருந்தன. அடுத்து எண்களுக்கு வந்தார். அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 8 வயதுக் குழந்தைகளைக் கணக்கெடுக்கிறது; 2000-ல் 150 பேருக்கு ஒருவர் என்றிருந்தது 2022-ல் 31 பேருக்கு ஒருவர் ஆகியிருக்கிறது. ஆனால் அதே 2022-ல், அதே நாட்டில், டெக்சாஸ் மாநிலத்து லாரெடோவில் ஆயிரத்துக்கு 9.7, கலிஃபோர்னியாவின் கணக்கெடுப்புப் பகுதியில் ஆயிரத்துக்கு 53.1. குழந்தைகள் இப்படி ஐந்து மடங்கு வேறுபட்டுப் பிறக்க வாய்ப்பில்லை. கலிஃபோர்னியாவில் குழந்தை மருத்துவர்களுக்குச் சிறுவயதிலேயே கண்டறியப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். தென்கொரியாவில் 2011-ல் வெளியான ஆய்வில் பள்ளிக் குழந்தைகளை வீடு வீடாகத் தேடாத குறையாகத் தேடியபோது 2.64 விழுக்காட்டினருக்கு ஆட்டிசம் இருப்பது தெரியவந்தது; அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வழக்கமான பள்ளிகளில், யாரும் கண்டறியாமல், எந்த உதவியும் இல்லாமல் இருந்தவர்கள்.

அப்படியென்றால் உண்மையில் கூடவே இல்லையா என்று அந்தத் தந்தை கேட்டார். அதற்கு மருத்துவர் சொன்ன பதிலின் நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. டென்மார்க்கில் 1980-களில் பிறந்த குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, அங்கே காணப்பட்ட உயர்வில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை வரையறை மாற்றத்தாலும் பதிவு முறை மாற்றத்தாலும் விளக்க முடியும் என்று கண்டது. ஸ்வீடனில் 2015-ல் வெளியான ஆய்வு, பதிவேட்டில் கண்டறிதல்கள் கூடிக்கொண்டே போன அதே ஆண்டுகளில் குழந்தைகளிடம் இருந்த ஆட்டிசப் பண்புகளின் அளவு மாறவில்லை என்றது. ஆனாலும் பெற்றோரின் வயது கூடியிருப்பது, மிகக் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகள் இன்று பிழைத்துக்கொள்வது போன்றவற்றால் ஒரு பகுதி உண்மையிலேயே கூடியிருக்கலாம் என்றும், முழுவதும் வெறும் பெயர் மாற்றம் என்று தான் சொல்லத் தயாராக இல்லை என்றும் மருத்துவர் சொன்னார். தடுப்பூசி விஷயத்தில் மட்டும் அவர் சிறிதும் தயங்கவில்லை. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1998-ல் 12 குழந்தைகளை வைத்து வெளியான கட்டுரை 2010-ல் திரும்பப் பெறப்பட்டதையும், டென்மார்க்கில் 657,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான கூட்டுத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பே காணப்படாததையும், ஜப்பானில் 1993-ல் அந்தக் கூட்டுத் தடுப்பூசியை நிறுத்திய பிறகும் கண்டறிதல்கள் ஏறிக்கொண்டே போனதையும் வரிசையாகச் சொன்னார். சொல்லிவிட்டு அந்தத் தந்தையைப் பார்த்து, "ஊசி போடும்போது குழந்தையை மடியில் வைத்திருந்தது நீங்கள்தானே?" என்று கேட்டார். அவர் தலையசைத்தார். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவரைத் தோற்கடிக்க வேண்டும் என்று மருத்துவர் பேசவில்லை, அவர் சுமந்துகொண்டிருந்த குற்ற உணர்வைப் பார்த்துப் பேசினார். ஒரு காலத்தில் தாய்மாரின் பாசக் குறைவுதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று மருத்துவ உலகமே பழி போட்டதும், 1964-ல் ஆட்டிச நிலையில் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் அதை மறுத்து எழுதியதும் அடுத்துச் சொல்லப்பட்டபோது, பக்கத்தில் இருந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்படிப்பட்ட அமர்வை வேலை நாளில் காலை 11 மணிக்கு வைப்பது சரியல்ல. தந்தையர் பெரும்பாலும் வருவதில்லை, வேலைக்குப் போகும் தாய்மாரும் வர முடிவதில்லை. மாலையிலோ விடுமுறை நாளிலோ வைத்து, உறவினர்களையும் ஆசிரியர்களையும் உள்ளே விட வேண்டும்.

அன்று என்னை மிகவும் யோசிக்க வைத்தது அக்கா பேசியதுதான். என் மகளுக்கும் அவள் மகனுக்கும் ஒரே சொல்லை எழுதியதை அவளால் ஏற்க முடியவில்லை. அதை என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள், அன்று எல்லாரிடமும் சொன்னாள். "என் மகனுக்கு 11 வயது. இன்னும் பல் விளக்கிவிடுகிறேன். இரவில் கதவுக்குப் பூட்டுப் போட்டுத் தூங்குகிறேன். ஆட்டிசம் என்றால் மேதைகள், தனித்திறமை, வேறுபட்ட மூளை என்று பேசுகிறவர்கள் என் வீட்டுக்கு வந்ததில்லை. இந்தச் சொல் அகலமாக ஆக ஆக, அதற்குள் என் மகன் கண்ணுக்குத் தெரியாமல் போகிறான்" என்றாள். யாரையும் புண்படுத்த அவள் அதைச் சொல்லவில்லை. அவள் சொல்வதற்கு ஆய்வுலகிலும் ஆதரவு உண்டு. 2021-ல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு, நாள் முழுவதும் ஒருவரின் பராமரிப்பு தேவைப்படுகிறவர்களுக்கும் பேச்சு மிகக் குறைந்தவர்களுக்கும் ஆழ்நிலை ஆட்டிசம் என்று தனிப் பெயர் வேண்டும் என்றது. 2023-ல் வெளியான அமெரிக்கக் கணக்கு, ஆட்டிசம் உள்ள 8 வயதினரில் 26.7 விழுக்காட்டினர் அந்த வகையில் வருவதாகச் சொன்னது. அந்தக் கணக்கின்படி 2000-க்கும் 2016-க்கும் இடையில் அந்த வகையினர் ஆயிரத்துக்கு 2.7-லிருந்து 4.6 ஆகவும், மற்றவர்கள் 3.9-லிருந்து 14.3 ஆகவும் கூடியிருக்கிறார்கள். அதாவது அக்கா மகனைப் போன்றவர்களும் கூடியிருக்கிறார்கள். என் மகளைப் போன்றவர்கள் அதைவிட வேகமாகக் கூடியதால் அவனைப் போன்றவர்களின் பங்கு சுருங்கித் தெரிகிறது.

மையத்தில் வழிகாட்டியாக ஒரு இளம்பெண் வேலை செய்கிறார். தானும் ஆட்டிச நிலையாளர் என்பதை அவரே சொல்லித்தான் அறிமுகம் செய்துகொள்வார். இப்படி ஒருவரை வேலைக்கு வைத்திருப்பது இந்த மையம் செய்த மிக நல்ல காரியம். அவர் அக்காவுக்குப் பதில் சொன்னார். 1993-ல் டொரண்டோவில் நடந்த மாநாட்டில் ஜிம் சின்க்ளேர் என்ற ஆட்டிச நிலையாளர் பெற்றோரைப் பார்த்து, எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டதைச் சொல்லி, துக்கத்துக்குரிய ஒன்றாகவே தன்னைப் பார்த்த வீட்டில் வளர்வது எப்படி இருக்கும் என்று விளக்கினார். பிறகு சற்று நேரம் நிறுத்திவிட்டு, "நான் பேசுகிறேன் என்பதால் எனக்கு எல்லாம் எளிது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் உங்கள் மகனுக்காகவும் நான்தான் பேசுகிறேன் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, அக்கா" என்றார். இருவரும் ஒத்துப்போகவில்லை. ஆனால் அமர்வு முடிந்து வெளியே வரும்போது அக்கா அவரிடம், ஒலி தாங்க முடியாதபோது உடம்பில் எங்கே வலிக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தன் மகனிடம் கேட்டுப் பதில் பெற முடியாத கேள்வி அது.

என் எண்ணம் அக்காவின் எண்ணத்திலிருந்து வேறுபடுகிறது. சொல் கிடைக்காத காலத்திலும் என் மகள் சும்மா இருக்கவில்லை. தனக்குத் தானே சொற்கள் வைத்துக்கொண்டிருந்தாள். கெட்ட பிள்ளை, பைத்தியம், எதற்கும் உதவாதவள் என்பவை அவள் நாட்குறிப்பில் இருந்தவை. அவற்றின் இடத்தில் ஆட்டிசம் என்ற சொல் வந்தது. அது மிகையான கண்டறிதல் என்று யார் சொன்னாலும், எடுத்துவிட்டால் அந்த இடத்தில் பழைய சொற்கள் திரும்பிவரும் என்று எனக்குத் தெரியும். அதே சமயம், ஒரே சொல்லின் கீழ் இரண்டு குழந்தைகளை வைக்கும்போது உதவியையும் கவனத்தையும் எப்படிப் பங்கிடுவது என்ற அக்காவின் கேள்வியை மையத்தால் தள்ளிவிட முடியாது.

அறிக்கையைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. 14 பக்கம் இருந்தது. முதல் எட்டுப் பக்கம் என் மகளை அப்படியே கண் முன் நிறுத்தியது. ஒன்பதாம் பக்கத்தில் பரிந்துரைகள் தொடங்கின; அங்கே அவள் அவனாகிவிட்டாள். "அவன் பிற சிறுவர்களோடு விளையாட ஊக்குவிக்க வேண்டும்" என்று ஆறு பக்கத்துக்கு அவன், அவன் என்றே போகிறது. சிறுவர்களுக்காக எழுதி வைத்த ஒரு படிவத்தில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். எழுத்துப் பிழை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் கானர் பார்த்த 11 பேரில் 8 பேர் சிறுவர்கள். அப்போதிருந்தே ஆட்டிசத்தின் படம் ஒரு சிறுவனின் படமாகவே இருந்திருக்கிறது. அமெரிக்காவின் 2022 கணக்கிலும் ஒரு சிறுமிக்கு 3.4 சிறுவர்கள் என்ற விகிதம். என் மகள் 11 வயது வரை யார் கண்ணிலும் படாமல் போனதற்குக் காரணமான அதே படிவம், அவளைக் கண்டுபிடித்த பிறகும் அவள் அறிக்கைக்குள் உட்கார்ந்திருந்தது. திருத்தித் தரச் சொன்னோம். மூன்று வாரம் ஆனது. அறிக்கை கையில் வந்ததும் பரிந்துரைப் பக்கங்களை அங்கேயே உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

தமிழில் கொடுத்த சுருக்கத்தில் "மதியிறுக்கத்தால் பாதிக்கப்பட்ட" என்று எழுதியிருந்ததையும் மாற்றச் சொன்னேன். மதி இறுகியிருக்கிறது என்ற பொருள் என் மகளுக்கும் பொருந்தாது, அக்கா மகனுக்கும் பொருந்தாது. அவன் மனம் இறுகியதாக அவனோடு ஒரு நாள் இருந்த யாரும் சொல்ல மாட்டார்கள். பெற்றோர் பலர் ஆட்டிசம் என்றே சொல்லிக்கொள்கிறோம், ஆட்டிச நிலையாளர் என்கிறோம். இதில் மட்டும் அக்காவுக்கும் எனக்கும் வழிகாட்டிக்கும் ஒரே கருத்து. மையம் இதை உடனே ஏற்றுக்கொண்டது.

முடிவைச் சொல்லிய அன்றே வரவேற்பில் சிகிச்சைத் தொகுப்புகளின் அட்டவணையை நீட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்தான் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கும் பெற்றோர் எதற்கும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். கண்டறிதல்கள் கூடுவதால் இதில் பணம் பார்க்கிறார்கள் என்று வெளியே சொல்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட அட்டவணைதான் இடம் கொடுக்கிறது. நாங்கள் அன்று எதிலும் சேரவில்லை. பிறகு யோசித்துப் புலன் சார்ந்த சிரமங்களுக்கு அன்றாடச் செயல்களுக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியில் மட்டும் சேர்ந்தோம், அது உதவியது. அக்கா மகனுக்குப் பேச்சுப் பயிற்சியோடு படங்களைத் தொட்டால் குரல் வரும் கையடக்கக் கணினியும் இங்கேதான் அறிமுகமாயிற்று. தண்ணீர் வேண்டும் என்பதற்குப் படத்தைத் தொட அவனுக்கு எட்டு மாதம் பிடித்தது. வேண்டாம் என்பதை இரண்டே நாளில் கற்றுக்கொண்டான்.

இந்தச் சேவையில் நான் எதிர்பாராத பகுதி, பள்ளிக்கு வந்து நடத்திய ஒரு மணி நேரக் கூட்டம். கூடுதல் கட்டணம் இல்லை, கேட்டால் மட்டும் செய்வார்கள்; கேட்கலாம் என்பதை யாரும் சொல்வதில்லை என்பதால் இங்கே அழுத்திச் சொல்கிறேன். உளவியலாளரும் வழிகாட்டியும் வந்தார்கள். சமூகத்தில் பழகும் திறனை ஆட்டிச நிலையாளர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மட்டும் பேசாமல், எதிர்ப்புறத்தையும் ஆசிரியர்கள் முன் வைத்தார்கள். 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிச நிலையாளர்கள் பேசும் சில விநாடிக் காட்சியைப் பார்த்த மாத்திரத்தில் மற்றவர்கள் அவர்களோடு பழக விருப்பமில்லை என்று மதிப்பிட்டார்கள். அதே பேச்சை எழுத்தாகக் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. சொன்னதில் குறை இல்லை, குரலிலும் முகத்திலும் உடலசைவிலும் பழக்கமில்லாத ஏதோ ஒன்றைக் கண்டு ஒதுங்கியிருக்கிறார்கள். ஆட்டிச நிலையாளரான சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-ல் இரட்டைப் பரிவுச் சிக்கல் என்று பெயரிட்டது இதைத்தான்: புரியாமை இரு பக்கமும் இருக்கிறது, பழி ஒரு பக்கத்தின் மேல் விழுகிறது. கூட்டத்துக்குப் பிறகு வகுப்பாசிரியை என் மகளின் முகத்தைப் பார்த்துப் பேசு என்று சொல்வதை நிறுத்தினார். குழு வேலைக்கு முதல் நாளே யார் எதைச் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுக்கத் தொடங்கினார். இரண்டும் சிறிய மாற்றங்கள். அலமாரிக்குள் உட்காரும் நேரம் ஒரு மணியிலிருந்து பத்து நிமிடமாகக் குறைந்தது.

ஆகவே மதிப்பீட்டுக்காகவும், பெற்றோர் அமர்வுக்காகவும், பள்ளிக் கூட்டத்துக்காகவும் இந்த மையத்தை மனதாரப் பரிந்துரைக்கிறேன். அறிக்கைக்காகவும் தொகுப்பு விற்பனைக்காகவும் எச்சரிக்கிறேன். என் மகளுக்கு இனி அங்கே பெரிதாக வேலை இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை போனால் போதும் என்றார்கள்.

அக்கா மகனுக்கு அப்படியில்லை. அவனுக்கு மறுமதிப்பீடு அடுத்த மாதம் வருகிறது. கை உலர்த்தும் இயந்திரத்தை யாரும் போடுவதற்கு முன் போய்விட வேண்டும் என்று அன்றைய முதல் நேரத்தை அக்கா கேட்டு வாங்கியிருக்கிறாள். அவனுக்கு 18 வயது ஆன பிறகு அவனை எங்கே சேர்ப்பது, தனக்குப் பின் யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு இப்போதிருந்தே திட்டம் ஒன்றை மையத்தோடு சேர்ந்து எழுத வேண்டும் என்பது அவள் விருப்பம். போன முறை கேட்டதற்கு, பள்ளிப் பருவம் வரைக்குமான படிவங்கள்தான் தங்களிடம் இருப்பதாக வரவேற்பில் சொன்னார்கள். அவள் ஒரு குறிப்பேட்டில் தானே தலைப்புகளை எழுதத் தொடங்கியிருக்கிறாள்: தூக்கம், உணவு, பிடிக்காத ஒலிகள், வலித்தால் அவன் காட்டும் அடையாளங்கள். அடுத்த மாதம் அதைத்தான் முதலில் மேசை மேல் வைக்கப் போகிறாள்.